வீழ்ந்தபின் எழுதல்: எலும்பு, மூட்டுக் காயங்களும் காலத்தில் செய்யும் மருத்துவமும்

(அறக்கட்டளை விழாவின் இரண்டாம் நாள் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

மலைமேல் உள்ள திருவுருவங்களையும் திருவடிகளையும் வழிபடச் செல்லும் வழக்கம் தமிழ்ச் சமணரிடையே தொன்றுதொட்டு இருந்து வருவதாகும். திருமலையும் பொன்னூர் மலையும் அருகில் உள்ளவை. சிரவணபெளகொளாவின் விந்தியகிரி 600-க்கும் மேற்பட்ட படிகளை உடையது. கிர்நார் மலைக்கோ ஏறத்தாழ 10,000 படிகள் என்பர். இவற்றை வெறுங்காலுடன் ஏறி இறங்கும் எழுபது வயதுப் பெரியோர் இன்றும் உளர். ஏறும்போது மூச்சு வாங்குவதால் கால் தானே நிதானப்படுகிறது. இறங்கும்போது மனம் நிறைந்திருக்கிறது, கால் களைத்திருக்கிறது. தொடைத் தசைகள் சோர்ந்து நடுங்கத் தொடங்கும் அவ்வேளையில்தான் முழங்காலின்மீது மிகுதியான பாரம் விழுகிறது. கணுக்கால் பிசகுவதும் முழங்கால் திருகிக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதே.

ஆயினும் மலைகளின்மேல் பழிபோடுதல் முறையன்று. வயது முதிர்ந்தோரின் எலும்பு முறிவது பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே. ஈரமான குளியலறை, பாசி படர்ந்த கிணற்றடி, உயர்ந்த நிலைவாசற்படி, இரவில் விளக்குப் போடாமல் கழிப்பறைக்குச் செல்லும் வழி ஆகிய இவையே மலைப்படிகளினும் கொடியவை. கடினமான ஏற்றத்தில் காட்டும் விழிப்பை வீட்டுக் கூடத்தில் எவரும் காட்டுவதில்லை.

ஒருவர் விழுந்தவுடன் நிகழ்வது எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் தைலம் எடுக்க ஓடுவார். மற்றொருவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். மூன்றாமவர், “வெறும் சுளுக்குதான், நீவிவிட்டால் போய்விடும்” என்று தீர்ப்பு உரைப்பார். மூவருமே அன்பினால் செய்கின்றனர். ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் நீவுதல் கூடாது. உள்ளே கிழிந்த சிறு குருதி நாளங்கள் அப்போதுதான் அடைபடத் தொடங்கியிருக்கும். அழுத்தி நீவினால் மீண்டும் குருதி கசிந்து வீக்கம் பெருகும். முறிவு இருந்துவிட்டாலோ, விலகாமல் நின்ற எலும்பும் விலகிவிடும். அந்நாள்களில் சுடு ஒத்தடமும் வேண்டா. துணியில் பொதிந்த ஐஸ்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வைத்தெடுப்பதும், காலைத் தலையணையின்மேல் உயர்த்தி வைப்பதும் போதும். ஐஸ்கட்டியை நேரே தோலில் வைத்தால் தோல் புண்ணாகும்.

சுளுக்கா முறிவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. “விரலை அசைக்கிறாரே, ஆகையால் முறிவில்லை” என்பது மிகப் பரவிய தவறான நம்பிக்கையாகும். விரலை அசைப்பது தசைநாண். எலும்பு முறிந்திருந்தாலும் தசைநாண் வேலை செய்யும். கணுக்காலைப் பொறுத்தவரை கனடா நாட்டு ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய நெறி ஒன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. கணுக்காலில் வலியிருந்து, இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ விரலால் அழுத்தும்போது எலும்பின்மீதே வலித்தாலும், நொண்டியேனும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். பாதத்தின் வெளிப்புற நடுவில் துருத்தி நிற்கும் எலும்பில் வலியிருந்தாலும் அவ்வாறே. இவை ஒன்றும் இல்லையெனில் முறிவு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நெடுநாள் நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு இந்நெறி பொருந்தாது. அவர்களுக்கு வலியே தெரியாமல் எலும்பு முறிந்திருக்கக்கூடும்.

கையை ஊன்றி விழுதல் மற்றொரு வகை. அதில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிவது மிக இயல்பு. டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இம்முறிவை 1814-இல், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, விளக்கி எழுதினார். இம்முறிவு ஓரளவு எளிதில் பிடிபடும். பிடிபடாமல் தப்புவது பெருவிரலின் அடியில், மணிக்கட்டுக் குழியில் உள்ள சிறு படகு வடிவ எலும்பு. முதல் நாள் எக்ஸ்ரேயில் அதன் கீறல் தெரியாமலே போகலாம். “படம் நன்றாக இருக்கிறது” என்று கேட்டு மகிழ்ந்து திரும்பும் இளைஞர், ஆறு மாதம் கழித்து மோட்டார் சைக்கிளின் பிடியை முறுக்க இயலாமல் வருவார். அவ்வெலும்பிற்குக் குருதி ஒருபுறமிருந்தே செல்வதால், கவனியாது விட்டால் சேராமலே நின்றுவிடுவதுண்டு. ஆகையால் பெருவிரலடிக் குழியை அழுத்தும்போது வலியிருந்தால், முதற்படம் எவ்வாறிருப்பினும், கையைக் கட்டில் வைத்துப் பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும்.

தோள் மூட்டு நழுவியபோது அருகிலிருப்பவர் இழுத்துச் சேர்க்க முனைதல் கூடாது. அதனருகே ஓடும் நரம்பு அறுபட்டால் கை தூக்க இயலாது போகும்.

இனி, கட்டு கட்டுதல் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. வடமாவட்டங்களில் எலும்பு முறிந்தால் ஆந்திரத்துப் புத்தூரை நோக்கிச் செல்லும் வழக்கம் தலைமுறைகளாக உள்ளது. ஊர்தோறும் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவோரும் உளர். அவர்களுள் கைப்பழக்கம் மிக்கோர் இருக்கின்றனர் என்பதையும், விலகாத எளிய முறிவுகள் அவர்கள் கையில் சேர்ந்திருக்கின்றன என்பதையும் மறுப்பது நேர்மையாகாது. விலகாத முறிவு அசையாமல் வைக்கப்பட்டால் தானே சேரும் இயல்புடையது. கட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கின்றனர் என்று அறிந்து தயங்கும் இல்லங்களும் உண்டு, அத்தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவன்று. எலும்பின் நிலையை எக்ஸ்ரேயில் பார்த்துக் கட்டினரா? முறிவு மூட்டிற்குள் செல்கிறதா என்று பார்த்தனரா? கட்டியபின் விரல்களைப் பார்த்தனரா? இம்மூன்றுமே கேட்கத்தக்கவை.

மூன்றாவது கேள்வி உயிர் போன்றது. முறிந்த கை கால் முதல் இரு நாள்களில் வீங்கிக்கொண்டே செல்லும். கட்டு விரிவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்பிற்கும் செல்லும் குருதி நின்றுபோகும். ஆறு மணி நேர அளவில் தசை மீள இயலாதவாறு மடியத் தொடங்குகிறது. ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் இறுக்கமான கட்டினால் கை சுருங்கிக் கொக்கிபோல் மடங்கிவிடும் இந்நிலையை 1881-இல் எழுதினார். முழங்கைக்கு மேலே முறிந்த சிறுவர்களிடம் இது சிறப்பாக அஞ்சத்தக்கது. மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ விழுந்த ஏழு வயதுக் குழந்தையின் கையைக் கட்டி வீட்டிற்கு அழைத்து வருகின்றனர். இரவு முழுதும் குழந்தை அழுகிறது. “அடிபட்ட கை வலிக்காமல் என்ன செய்யும்?” என்று தேற்றி உறங்க வைக்க முயல்கின்றனர். காலையில் அழுகை நின்றிருக்கிறது. வீட்டார் நிம்மதி கொள்கின்றனர். அழுகை நின்றது நரம்பு மரத்ததனால் என்பது பின்னரே தெரிய வருகிறது.

எனவே கட்டோ மாவுக்கட்டோ, கட்டியவர் நாட்டு வைத்தியரோ பெருமருத்துவமனையோ, பார்க்க வேண்டியவை ஒன்றே. கட்டிய பின்னும் வலி குறையாமல் மணிக்கு மணி மிகுதல். விரல்களை மற்றவர் மெல்ல நீட்டினாலே துடித்து அலறுதல். விரல் மரத்தல், குளிர்தல், வெளுத்தல் அல்லது நீலம் பாய்தல். இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குச் சென்று கட்டைப் பிரிக்கச் செய்தல் வேண்டும். “டாக்டர் கட்டியதை எவ்வாறு பிரிப்பது?” என்ற தயக்கம் வேண்டா, மறுபடி கட்டிக்கொள்ளலாம், மடிந்த தசையை மீட்க இயலாது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் அதனை உள்ளே தள்ளுதலோ, காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்புதலோ கூடாது. தூய துணியால் மூடி, கிடைத்த நிலையிலேயே அசையாமல் தாங்கி, உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும். சாலை விபத்தாயின், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், அதில் இணைந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிப் பெறலாம். பணம் திரட்டும்வரை காத்திருக்க வேண்டிய நிலை அங்கு இல்லை என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்தல் நன்று.

பல இல்லங்கள் தடுமாறி நிற்கும் இடம் இடுப்பு முறிவு. மக்கள் இடுப்பு எலும்பு என்று சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்தையே. எண்பது வயது மூதாட்டி அதிகாலையில் நடுக்கூடத்தில் விழுகிறார். எழ இயலவில்லை. ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் சாய்ந்து கிடக்கிறது. இவ்விரண்டு அடையாளங்களே போதும், எக்ஸ்ரே வருமுன்னரே பழகியவர் அறிந்துகொள்வர். மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார். “இந்த வயதில் அறுவை எதற்கு? மயக்க மருந்தை உடம்பு தாங்குமா? படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம்” என்கிறார் மூத்த மகன். இளைய மகள், “அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரட்டும், பிறகு முடிவு செய்யலாம்” என்கிறார். இருவரும் தாயின்மீது அன்புடையவரே.

ஆனால் இங்குப் படுக்கை என்பது ஓய்வன்று. அசைய இயலாமல் மல்லாந்து கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரும். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றும். கால் நாளங்களில் குருதி உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று அடைக்கும். இம்முறிவிற்குப் பின் முதியோர் மறைவது பெரும்பாலும் முறிவினால் அன்று, இவற்றினால்தான். அறுவையின் நோக்கம் எலும்பைச் சேர்ப்பது மட்டுமன்று. முதியவரை மறுநாளே எழுந்து உட்கார வைப்பதும் நிற்க வைப்பதும் அதன் பெரும்பயன். ஆகவேதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறிகள், மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை செய்யப்பட வேண்டும் என்கின்றன. பலருக்கு முழுமயக்கம் தேவைப்படுவதில்லை. முதுகில் ஊசியிட்டு இடுப்பிற்குக் கீழே மட்டும் உணர்வு நீக்கிச் செய்யலாம். முறிவு கழுத்துப் பகுதியில் விலகியிருந்தால் எலும்புத்தலைக்குக் குருதி செல்வது தடைப்படுவதால், அதனை நீக்கி உலோகத்தலை பொருத்துவர். அதற்குக் கீழே முறிந்திருந்தால் கம்பியோ தகடோ வைத்து நிறுத்துவர். இதய நோயோ வேறு நோயோ மிகக் கடுமையாக உள்ள சிலருக்கு அறுவை தகாது என்று மருத்துவரே உரைக்கலாம், அது வேறு. வயது ஒன்று மட்டும் காரணமாகாது. வெளிநாட்டு மகனுக்கு உரியது, தொலைபேசியில் இசைவு தெரிவித்துவிட்டுப் புறப்படுவதே.

அறுவைக்குப் பின் சில நாள் முதியவர் மாறிப் பேசுவதுண்டு. பகலை இரவென்பார், பெற்ற மகளை அடையாளம் காணார். வீட்டார் அஞ்சி, மூளை கெட்டுவிட்டது என்று கலங்குவர். இது இவ்வயதில் மிகுதியாகக் காணப்படும் குழப்பமே. பெரும்பாலோருக்கு நாளடைவில் தெளிந்துவிடும். பழகிய முகம் ஒன்று எப்போதும் அருகில் இருப்பதும், மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மறவாமல் அணிவிப்பதும் பெரிதும் உதவும். செவிலியரிடமும் மருத்துவரிடமும் உடனே தெரிவித்தல் வேண்டும். நீர்த்தாரைத் தொற்று, உப்புக் குறைவு போன்ற காரணங்கள் இருப்பின் அவர்கள் கண்டு நீக்குவர்.

ஐம்பதைக் கடந்த பெண்மணி ஒருவர் நின்ற நிலையிலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால், அதனை இவ்விடுப்பு முறிவிற்கு முன்னறிவிப்பு எனக் கொள்ளல் தகும். நலமான எலும்பு அத்துணை எளிதில் முறிவதில்லை. ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தவுடன் எல்லாம் முடிந்தது என எண்ணிவிடுகின்றனர். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்து, எலும்புத் தேய்வு இருப்பின் மருந்து தொடங்கினால் அடுத்த முறிவின் வாய்ப்பு குறையும். குனிந்து குடத்தைத் தூக்கியபோது முதுகில் சுரீரென வலித்து நாள்கணக்கில் நீடித்தாலும், சில ஆண்டுகளில் உயரம் குறைந்து கூன் விழுந்தாலும் இதே ஐயம் கொள்ளல் வேண்டும்.

முறிந்த எலும்பு சேரும் முறையை அறிந்தால் தேறும் காலத்தில் பொறுமை பிறக்கும். முதலில் முறிந்த இடத்தில் குருதி உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அவ்விடத்தில் மென்மையான குருத்தும் நாரும் பாலமிடுகின்றன. பின்னர் அது சுண்ணச்சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. மணிக்கட்டிற்கு ஏறத்தாழ ஆறு வாரமும், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பிற்கு மூன்று நான்கு மாதமும் ஆகலாம். குழந்தைகளுக்கு விரைவில் சேரும். கெட்டிப்பட்ட எலும்பு தன் பழைய வடிவத்தைப் பெற மேலும் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளே ஆகும். பாரம் ஏறும் திசைக்கேற்ப எலும்பு தன்னைச் செதுக்கிக்கொள்ளும் என்பதை ஜூலியஸ் உல்ஃப் 1892-இல் நூலாக எழுதினார். ஆகவே மருத்துவர் ஊன்றச் சொன்ன நாளில் ஊன்றாமல் இருப்பதும், ஊன்ற வேண்டா என்ற நாளில் ஊன்றுவதும் ஒருபோலத் தீங்கு. புகை பிடித்தலும் கட்டுப்படாத நீரிழிவும் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்துகின்றன.

மணிக்கட்டிற்கு மாவுக்கட்டுப் போட்டவர் கட்டுக்கு வெளியேயுள்ள விரல்களையும் முழங்கையையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைத்தல் வேண்டும். இதனைச் செய்யாமையால் மணிக்கட்டு நலமாகி, தோள் இறுகிப்போனவர் பலர். கட்டுப் பிரித்தபின் மூட்டு மரக்கட்டைபோல் இருப்பது இயல்பே. பிசியோதெரபி என்றால் வலிக்க வலிக்க முறுக்குவது என அஞ்சுகின்றனர். பயிற்சியின்போது சற்று வலித்து, சிறிது நேரத்தில் தணிந்தால் அளவு சரி. மறுநாள் வரை வலித்து மூட்டு வீங்கினால் அளவு மிகுதி. கணுக்கால் சுளுக்கிற்கும் வீக்கம் வடிந்தபின் பயிற்சி உண்டு. சுவரருகே ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்றலை நாள்தோறும் செய்யாதவர்களுக்கே அதே கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகுகிறது.

ஊன்றுகோலை நோயுற்ற காலின் பக்கத்தில் பிடிப்பவரே மிகுதி. பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். படியேறும்போது நல்ல கால் முதலில் மேலே செல்லும். இறங்கும்போது நோயுற்ற கால் முதலில் கீழே வரும். மலைக்கோயில் செல்வோர் மருத்துவர் இசைவு தரும்வரை கீழிருந்தே வழிபடலாம், அல்லது டோலி உள்ள இடங்களில் அதனை நாடலாம், அதில் குறைவொன்றுமில்லை.

உணவில் சமணக் குடும்பங்களுக்கு எலும்பின்பொருட்டு இழப்பு ஏதுமில்லை. கேழ்வரகு, எள், பால், தயிர், முருங்கைக்கீரை ஆகியன சுண்ணச்சத்து மிக்கவை. குறைவது பெரும்பாலும் புரதமே. முறிவு சேரும் வாரங்களில் கஞ்சியும் ரசஞ்சாதமும் போதா. பருப்பு, பயறு, தயிர், பன்னீர் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையும் சேர்த்தல் வேண்டும். நீண்ட உபவாசங்களை மேற்கொள்ள எண்ணுவோர் இக்காலத்தில் மருத்துவரிடம் கலந்தே முடிவு செய்தல் நன்று. கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர்கள் அதனை மருத்துவமனையில் முதலிலேயே கூறிவிட்டால், உணவுக்குப்பின் உட்கொள்ளும் மருந்துகளின் வேளையை அதற்கேற்ப அமைத்துத் தருவர். கூறாமல் இருந்து வெறும் வயிற்றில் வலிமாத்திரை விழுங்குவதே வயிற்றைப் புண்ணாக்குகிறது. வைட்டமின் டி குறைவு வெயில் மிக்க இந்நாட்டிலும் பரவலாக உள்ளது. முற்பகல் பத்து மணிக்கு மேற்பட்ட வெயிலே அதற்கு உதவும், இளங்காலை வெயில் அன்று. வைட்டமின் டி மாத்திரைகளில் மென்கூடுகள் விலங்கின் ஜெலட்டினால் ஆனவை. மருந்தும் பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியின் மெழுகிலிருந்து எடுக்கப்படுவது. விரும்பாதவர்கள் கேட்டால் கற்பாசியிலிருந்து எடுத்த வகையும் சைவக்கூடும் கிடைக்கின்றன. கேட்பதற்கு நாணி, வாங்கிய மாத்திரையை அலமாரியிலேயே வைத்திருப்பது எவ்வகையிலும் பயன்தாராது.

வீட்டிற்கு வந்தபின்னும் சில அடையாளங்களுக்கு மறுநாள் என்ற பேச்சே இல்லை. கெண்டைக்கால் ஒருபுறம் மட்டும் வீங்கி வலித்தல், திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. அறுவைத் தழும்பில் சீழ் அல்லது காய்ச்சல். மூட்டொன்று சிவந்து கொதித்துக் காய்ச்சலுடன் அசைக்க இயலாமை. முதுகில் அடிபட்டபின் சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது கால்கள் மரத்தல். குழந்தை காய்ச்சலுடன் காலை ஊன்ற மறுத்தால் அன்றே மருத்துவரிடம் காட்டல் வேண்டும்.

கிராமத்து வீட்டில் தனியே வாழும் பெரியவர்கள் விழுந்ததைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொன்னால் சென்னைக்கு அழைத்துச் சென்றுவிடுவர், ஊரும் ஜினாலயமும் விட்டுப்போகும் என்ற அச்சமே காரணம். அவ்வச்சம் பொய்யென்று சொல்ல இயலாது. முதல் வீழ்ச்சியைக் கேட்ட பிள்ளை பெட்டியைக் கட்டச் சொல்லாமல், குளியலறையில் ஒரு கைப்பிடியும், இரவு விளக்கும், வழுக்காத தரைவிரிப்பும் அமைத்து, கண்புரையையும் இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் பார்க்கச் செய்தால், அடுத்த முறை பெரியவர் தாமே தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய எக்ஸ்ரே படங்கள், உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டு, குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பதாயின் அதன் பெயர், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரு பையில் எடுத்துச் செல்லல் வேண்டும். அடிபட்ட கையிலுள்ள வளையல்களையும் மோதிரத்தையும் வீக்கம் ஏறுமுன் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது.